முதல் டிஎஸ்எல்ஆர்: கூத்துக் களத்துக்கும் உப்புக் காற்றுக்கும் ஒரு கேமரா

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் முதன்முதலாக டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய கேமரா) வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) கையை இறுக்குங்கள், லென்ஸுக்குத் தாராளமாகக் கொடுங்கள், ஈரத்திலிருந்து காக்கும் பெட்டியை வாங்கிய பிறகே மற்றவற்றை நினையுங்கள். கடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பாடியைக் காட்டித்தான் விலை பேசுகிறார்கள். கூடவே பை, மூன்று ஃபில்டர், காற்றடித்தால் சாயும் ட்ரைபாட் என்று ஒரு தொகுப்பைத் தலையில் கட்டுகிறார்கள். ஈரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

நான் இருப்பது கடலூர் முதுநகர். பள்ளியில் தமிழ் ஆசிரியர். கேமரா வாங்கக் காரணம் தெருக்கூத்து. என் பெரியப்பா வேடம் கட்டியவர். அவருடைய ஜமாவில் (கூத்துக் குழுவில்) உடன் ஆடியவர்கள் பலரும் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் பூட்டிக்கொண்டு விடியும்வரை ஆடுகிற அந்த மனிதர்களைப் பெரிய அளவில் அச்சுப்போட்டு, அவர்கள் வீட்டுச் சுவரிலேயே மாட்டிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கைப்பேசிப் படம் அதற்குப் போதவில்லை. இருட்டில் கைப்பேசி பல படங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு படமாக்குகிறது. ஆள் அசையாமல் நின்றால் நன்றாக வருகிறது. கிறுகிறுவென்று சுற்றும் துரியோதனனை எடுத்தால் அரிதாரத்தில் வரைந்த கோடுகள் எல்லாம் மெழுகிவிட்டாற்போல் ஆகிவிடுகின்றன. பெரிய சென்சாரும் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும் லென்ஸும்தான் இதற்கு வழி.

மூன்று கேமராக்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். நிக்கான் டி3500 மிக எளிமையான கருவி. ஒரு சார்ஜில் ஆயிரத்து ஐந்நூறு படங்களுக்கு மேல் தாங்கும் என்பது அதன் பெரிய பலம். ஆனால் 2022லேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பாடிக்குள் ஃபோகஸ் மோட்டாரும் கிடையாது. பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 டி வகை லென்ஸை (மி.மீ. கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்) அதில் பொருத்தினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிக்கான் வாங்குகிறவர்கள் லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது கேனான் 1500டி. புதிதாக வாங்குவதற்கு விலை குறைவு. 24 மெகாபிக்சல், படத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னாலுள்ள திரை அசையாது, தொடுதிரையும் இல்லை. கூத்துக் களத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேமராவைத் தலைக்குமேல் தூக்க வேண்டியிருக்கும் எனக்கு, திரும்பும் திரை அவசியமாகத் தோன்றியது. அதனால் 2019இல் வந்த கேனான் 200டி மார்க் 2 என்று முடிவு செய்தேன். பேட்டரியோடு சேர்த்து 449 கிராம். திரை பக்கவாட்டில் திறந்து எல்லாத் திசைக்கும் திரும்புகிறது. திரையில் ஆளின் முகத்தைத் தொட்டால் ஃபோகஸ் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்கிறது. வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகப் பார்க்கும்போது ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள்தான்; அவற்றில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்குவகை (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிப்பது). இருட்டில் அந்த நடுப்புள்ளியை மட்டும் நம்புங்கள்.

புதுச்சேரி அண்ணா சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கேமரா பழுது பார்ப்பதோடு பழைய கேமராக்களையும் வாங்கி விற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடலூரிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்தான் என்பதால் பள்ளி விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய்விடலாம். பழைய பாடி வாங்குவது என்று நான் துணிந்ததற்குக் காரணமே அந்தக் கடை. ஒரு பொருளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை, தான் விற்கும் பொருளிலேயே செய்து காட்டிய கடைக்காரரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

முதலில் லென்ஸைக் கழற்றினார். முன்மூடி, பின்மூடி இரண்டையும் எடுத்துவிட்டு அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) இதழ்களைத் திறந்துவைத்தார். பின்பக்கத்திலிருந்து ஒரு சிறிய டார்ச்சைச் சாய்வாக அடித்தார். "இங்கே பாருங்கள் வாத்தியார் சார், நேராகப் பார்க்காதீர்கள், கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்" என்றார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நூலைவிட மெல்லிய வெண்மையான வேர்கள் கிளைவிட்டிருந்தன. பூஞ்சை. அது வேறொருவர் பழுதுக்குக் கொடுத்த லென்ஸ். "பீரோவில், தோல் பைக்குள் வைத்திருந்தாராம். இது கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். துடைத்தாலும் தடம் போகாது" என்றார். பிறகு நான் வாங்கவிருந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸில் (பாடியோடு சேர்த்துத் தரும் லென்ஸ்) அதே டார்ச்சை அடித்துக் காட்டினார். இரண்டொரு தூசித் துகள்கள் மட்டும் இருந்தன. அவற்றால் படத்தில் எதுவும் தெரியாது.

பாடியின் சோதனை கடைக்கு வெளியே நடந்தது. அபெர்ச்சரை எஃப் 16க்கு வைத்து, வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தோம். சென்சாரில் அழுக்கு இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். மூடியைப் போட்டு இருட்டில் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து ஒரு நீண்ட எக்ஸ்போஷர் எடுத்து, நிறப் புள்ளிகள் அளவுக்கு மீறி வருகின்றனவா என்று பார்த்தோம். திரையின் கீல் தளர்ந்திருக்கிறதா, பிடியின் ரப்பர் உப்பியிருக்கிறதா, லென்ஸ் பூட்டும் உலோக வளையம் தேய்ந்திருக்கிறதா, பாடியின் அடியிலுள்ள எண்ணும் பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதெல்லாம் பிறகு. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை நிக்கானில் ஒரு படத்தின் தகவல்களிலிருந்தே படித்துவிடலாம். கேனானில் அது அவ்வளவு எளிதில்லை. ஆகவே கேனானில் பொத்தான்களின் தேய்மானமும் பில்லில் உள்ள தேதியும்தான் சாட்சி. பாடியும் கிட் லென்ஸும் சேர்த்து 36,000 ரூபாய். எல்லாம் பார்த்த பிறகு அந்த விலை எனக்கு நியாயமாகப் பட்டது. பேரம் பேசவில்லை.

50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை மட்டும் புதிதாக வாங்கினேன். பத்தாயிரத்தை ஒட்டிய விலை. 160 கிராம்தான் எடை. முதல் கேமரா வாங்குகிற ஒவ்வொருவரும் கிட் லென்ஸுக்கு அடுத்து வாங்க வேண்டியது இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் அபெர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. இந்தச் சின்ன லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கிறது. அதே நேரத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. அதாவது கிட் லென்ஸில் ஷட்டரை 1/25 வினாடிக்குத் தாழ்த்த வேண்டிய இடத்தில், இதில் 1/250 வைக்கலாம். ஆடுகிறவரை உறையவைப்பதற்கும் குழைத்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். திரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். அதன் பின்னால் துரியோதனன் விருத்தம் பாடுகிறார். கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே ஆடுகிறது. மத்தளம் ஏறுகிறது. திரை இறங்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தேன். எஃப் 2, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200. கண்ணில் நடுப்புள்ளியை வைத்து எடுத்த படத்தில், புருவத்துக்கு மேல் வைத்த வெள்ளைப் பொட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. கட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளில் எதிரே இருந்த விளக்கு துண்டு துண்டாக மின்னுகிறது. ஐஎஸ்ஓ 3200இல் சற்று மணல் தூவியது போன்ற சொரசொரப்பு இருக்கிறது. அச்சுப்போட்டால் கண்ணுக்குப் படவில்லை. 6400 வரை தயங்காமல் போகலாம் என்பது என் அனுபவம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நம் கண்ணுக்குத் தெரியாமல் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இப்படி. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் கரும்பட்டைகள் விழலாம், ஒரே முகம் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் பச்சையாகவும் வரலாம். அத்தகைய விளக்கு இருந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்கிவிட்டு, ஆட்டக்காரர் அடி வைத்து நிற்கும் இடத்தைப் பார்த்து எடுங்கள். அடவு தெரிந்தவர்களுக்கு அந்த இடம் முன்கூட்டியே தெரியும். இரண்டாவது, எஃப் 1.8இல் கூர்மை இருக்கும் ஆழம் மிகக் குறைவு. ஒன்றரை மீட்டர் தொலைவில் ஒரு முகத்தை எடுத்தால் சில சென்டிமீட்டர்தான் தெளிவாக இருக்கும். மூக்கு தெளிந்தால் காது கலங்கும். ஆள் அருகில் இருந்தால் எஃப் 2.8க்குப் போங்கள்.

வீட்டுக்குள் எடுப்பதற்கு இந்த லென்ஸ் பொருந்தாது. 200டி போன்ற கேமராவில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். நம் வீட்டுக் கூடத்தில் நான்கு பேரை ஒரே படத்தில் கொண்டுவர முதுகு சுவரில் இடிக்கும். குழந்தை, பிறந்தநாள், வளைகாப்பு என்று வீட்டு விசேஷங்களுக்காக மட்டும் கேமரா வாங்குகிறவர்கள் கேனானின் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைப் பாருங்கள். தட்டையாக, வெறும் 125 கிராமில் இருக்கும்.

பகல் வெளிச்சத்துக்குக் கிட் லென்ஸே போதும். அதைப் பலரும் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. எஃப் 8இல் வைத்து எடுத்த தேவனாம்பட்டினம் சூரிய உதயப் படங்களில் கட்டுமரத்தின் கயிற்று முடிச்சுவரை தெளிவு. புதுச்சேரி வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவர்களை எடுக்கும்போது வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். படம் முழுக்க மஞ்சளாக இருந்தால் கேமரா அதைக் குறையென்று நினைத்து வெளுத்துவிடுகிறது. பகல் வெளிச்சம் என்ற குறியில் நிறுத்துங்கள், சுவர் சுவராக இருக்கும். ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் பிறகும் திருத்திக்கொள்ளலாம். அதற்கான மென்பொருளைக் கேனானே இலவசமாகத் தருகிறது.

இனி ஈரம். இதைத்தான் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் வீடுகளில் உப்பு ஜாடிக்குள்ளேயே நீர் விடுகிறது. அந்தக் காற்றில்தான் லென்ஸும் இருக்கிறது. கேமராப் பை பயணத்துக்கானது, வீட்டில் வைப்பதற்கானது அல்ல. பஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைத்து, இருட்டும் கொடுத்து, பூஞ்சைக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுக்கின்றன. 30 லிட்டர் அளவுள்ள மின்சார உலர்பெட்டி 8,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அவ்வளவு முடியாதவர்கள் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, ஈரப்பத மானி ஒன்று வாங்கினால் போதும். நான் டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். மானி 40 சதவீதத்துக்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறக்க வேண்டியதில்லை. 60ஐ நெருங்கினால் ஜெல்லை வறுத்து ஈரம் போக்க வேண்டிய நேரம். நீல நிற ஜெல் ஈரம் குடித்ததும் வெளிர்சிவப்பாக மாறும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்கு ஆகாது. சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், தனியாக ஒரு பழைய சட்டியை ஒதுக்குங்கள். ஆரஞ்சு நிற ஜெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கடற்கரையில் லென்ஸை மாற்றவே கூடாது. பிற்பகல் கடற்காற்று எழும்பிய பிறகு சில்வர் பீச்சில் மணல் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கிறது. வீட்டிலேயே ஒரு லென்ஸை முடிவு செய்து பூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். ஊதாமல் துணியால் தேய்த்தால் மணலே கண்ணாடியைக் கீறிவிடும். பிறகு துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு உப்புப் படிவைத் துடையுங்கள், கண்ணாடியின் மேல் நேராக விட வேண்டாம். 200டிக்கும் அந்த 50 மி.மீ. லென்ஸுக்கும் மழை, தூசியைத் தடுக்கும் காப்பு கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் கண்ணாடியில் பனி படரும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே விட்டு, வெளிச்சூட்டுக்குப் பழகியதும் எடுங்கள்.

மற்ற துணைக்கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெமரி கார்டு: 64 ஜிபி, வி30 (எழுதும் வேகத்தைக் காட்டும்) குறி உள்ளது, தெரிந்த கடையில், பில்லோடு இரண்டு. ஒரு ரா படம் 25 முதல் 30 எம்பி வரை இடம் பிடிக்கிறது. விடிய விடியக் கூத்து எடுத்தாலும் ஒரு கார்டு நிறையவில்லை. போலிக் கார்டுகள் உலவுகின்றன, ஆகவே வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பி, எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பேட்டரி கட்டாயம். யூவி ஃபில்டர் படத்தை மேம்படுத்தாது. கடல் தெறிப்பிலிருந்து முன்கண்ணாடியைக் காக்கும், அவ்வளவுதான். இரவில் விளக்குகளை எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கின் மங்கலான மறுவுரு படத்தில் மிதக்கும். கிட் லென்ஸுக்கு 58 மி.மீ., இந்த 50 மி.மீ. லென்ஸுக்கு 49 மி.மீ. அளவுள்ள ஃபில்டர். லென்ஸ் ஹூட் பெட்டிக்குள் வராது, தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டரைவிட அது பயனுள்ளது.

ட்ரைபாட் மட்டும் மலிவில் வாங்கக் கூடாது. கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டாது, ஆகவே தாங்கும் எடை பிரச்சினை இல்லை. நடுத்தண்டை உயர்த்தாமலேயே உங்கள் மார்பளவுக்கு வருகிறதா, நடுவில் பையைத் தொங்கவிடக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்ட பிறகு, பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தி சிலையையும் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, சில வினாடி எக்ஸ்போஷரில் எடுக்கும்போது அந்தக் கொக்கியின் அருமை தெரியும். ரிமோட் வேண்டாம், 2 வினாடி டைமர் போதும். மணலில் ஊன்றிய கால்களை வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

ஃபிளாஷ் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 200டி மார்க் 2இன் மேல்பகுதியில், ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் வழக்கமாக இருக்கும் நடு முனை கிடையாது. பழைய, எல்லாக் கேமராவுக்கும் பொதுவான ஃபிளாஷ்களும் ட்ரிகர்களும் (ஃபிளாஷைத் தள்ளி வைத்து எரியவைக்கும் கருவிகள்) அதில் எரியாது. கேமராவைக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்து, எரிந்தால் மட்டும் பணம் கொடுங்கள். கூத்துக்கு ஃபிளாஷே வேண்டாம். கண்ணாடிச் சில்லுகள் அத்தனையும் வெளிச்சத்தை நேராகத் திருப்பியடிக்கும். ஆடுகிறவரின் கண்ணும் கூசும். அது மரியாதையும் அல்ல.

வீடியோதான் முதன்மை என்றால் இந்தக் கேமராவை நான் பரிந்துரைக்க மாட்டேன். 4கே இருக்கிறது, ஆனால் அதில் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, வேகமான ஃபோகஸ் முறையும் வேலை செய்யாது. வீடியோ எடுக்கிறவர்கள் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) வகைக்கே போவது நல்லது. கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை என்பதும் உண்மை. இருந்தும் படம் எடுக்கப் பழகுகிறவருக்கு டிஎஸ்எல்ஆர் இன்றும் தகுந்த பொருள்தான். பழைய பாடிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன, கண்ணாடி வழியே பார்ப்பதால் உச்சிவெயிலிலும் காட்சி தெளிவாகத் தெரிகிறது, வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் பேட்டரி ஆயிரம் படம் தாங்குகிறது. நாளை கேனானின் மிரர்லெஸ் பாடிக்கு மாறினாலும் ஓர் அடாப்டர் போட்டு இதே லென்ஸ்களைப் பயன்படுத்தலாம்.

பாடி, இரண்டு லென்ஸ், கார்டுகள், பேட்டரி, ட்ரைபாட், உலர்டப்பா எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய்க்குள் முடித்தேன். அடுத்து வாங்கப்போவது 55-250 எஸ்டிஎம் லென்ஸ். பிச்சாவரத்தில் படகிலிருந்து கொக்கையும் நாரையையும் எடுக்க 55 மி.மீ. எட்டவில்லை. அந்தப் பெரியவர் கடைக்குப் பழையது ஒன்று வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார்.